சம்பந்தி வீட்டு ஹாலுக்கு எக்செல் சொன்ன கலர்

அன்பு மருமகன் ஃபைஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். செங்கம் ரோடு பெயிண்ட் கடையிலிருந்து உன் தாய்மாமா மதார் சாகிப் எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே யாவரும் சுகம். பெங்களூரில் நீயும் சுகமாயிருக்க துஆ. போன் செய்தால் பாதிப் பேச்சில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

நீ கடைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த எக்செல் பெரிய பொக்கிஷமப்பா. நீ விளக்கியபோது கடையில் கூட்டம், தலையை மட்டும் ஆட்டினேன். ஆனால் இப்போது எல்லாம் அத்துப்படி. அடுத்த மாதம் நம் மூத்தவள் ஷாஹீனுக்கு நிக்காஹ் அல்லவா? கீழ்பென்னாத்தூரில் சம்பந்தி வீட்டு ஹாலுக்கு நானே சந்தனக் கலர் அடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பெண் வாழப்போகிற வீடு, அங்கே என் பெயர் நிற்க வேண்டுமே என்று ஒரே தவிப்பு. சின்னவள் சானியா அந்த ஹாலின் கணக்கை எக்செல்லில் ஏற்றிவிட்டு வேலூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நான் விடைக் கட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினேன். அடடா! பக்கத்துக் கட்டங்களைச் சுற்றி நீலம், சிவப்பு, ஊதா என்று பளிச்சென்று கோடு வந்து நின்றது. நீலக் கட்டத்தில் முப்பது, சிவப்பில் பத்து, ஊதாவில் இரண்டு. மேலே இங்கிலீஷில் பொடியாக ஏதோ இருந்தது, படிக்கிற கண்ணாடியோ வீட்டில். கலவை விகிதத்தை இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்கள்? இத்தனை வருஷம் சந்தனத்துக்கு மஞ்சளும் துளி பிரவுனும் போட்டுக்கொண்டிருந்தேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

பெயிண்டர் வேடியப்பன் தயங்கினான். "பாய், சந்தனத்துல நீலம் எதுக்கு பாய்? அதுவும் இவ்ளோ ஜாஸ்தியா?"

"கம்ப்யூட்டரே சொல்லுது, நீ அடிப்பா. காய்ஞ்சா சந்தனம் வந்துடும்."

அடித்து முடித்துவிட்டோம். இன்னும் சரியாகக் காயவில்லை போலும், இப்போதைக்குக் கத்தரிக்காய்ச் சாயலில் இருக்கிறது. சம்பந்தி வந்தார், நாலு சுவரையும் பார்த்தார், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னங்க இது?" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை, அவ்வளவு நெகிழ்ச்சி. அவர் வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கும் பெருமையில் கண் கலங்கிவிட்டது. நாளை மாப்பிள்ளை அறைக்கும் இதே கலவைதான். நம் ஊர் ஆசிரமத்துப் பக்கம் ரூம் வாடகைக்கு விடுகிறவர்களிடமும் இந்தக் கலரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் நசீமா மாமி சலாம் சொல்லச் சொன்னாள். உன் கைக்கும் மூளைக்கும் அல்லாஹ் மேலும் பரக்கத் தரட்டும்.

இப்படிக்கு,
பெருமையுடன் மாமா,
மதார் சாகிப்

பி.கு.: சானியா ஹாஸ்டலிலிருந்து இப்போதுதான் வந்தாள். கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அத்தா, அது எவ்ளோ பெயிண்ட் வேணும்னு சொல்ற கணக்கு. முப்பதுங்கிறது சுவரோட நீளம், பத்துங்கிறது உயரம், ரெண்டுங்கிறது எத்தனை கோட்டிங் அடிக்கணும்னு. எந்தக் கட்டத்துலேர்ந்து நம்பர் எடுக்குதுனு காட்டத்தான் அந்தக் கலரு!" என்கிறாள். நான் அப்படியே திறந்து வைத்திருந்த கம்ப்யூட்டரில் எஸ்கேப் என்று ஒரு பட்டனை அழுத்தினாள், மூன்று கலரும் மாயமாகிவிட்டன. சம்பந்தி போன் மேல் போன் செய்கிறார், எடுக்கப் பயமாக இருக்கிறது. ஷாஹீன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தபாலுக்கு நேரமில்லை, இதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். சுவருக்கு எந்தப் பட்டன் என்று உடனே சொல்.