கண்ணழுத்தத்துக்கு ஓர் ஆள்மாறாட்டம்

நோயாளிகளில் பல இனம் உண்டு. நோய் வருவதற்கு முன்பே படுத்துக்கொள்பவர் ஓர் இனம். வந்த நோயை வீடுவீடாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருபவர் இன்னோர் இனம். நான் சொல்லப்போவது மூன்று நாள் நோயாளியைப் பற்றி. ஆண்டுக்கு இரண்டு முறை, டாக்டரைப் பார்க்கும் தேதிக்குச் சரியாக மூன்று நாள் முன்பு இவருக்கு நோய் ஞாபகம் வரும். மருந்துப் புட்டியைத் தேடுவார், மூடி இறுகிப்போயிருப்பதற்கு மனைவியைக் கடிந்துகொள்வார், மூன்று நாளும் மணி தவறாமல் மருந்து போடுவார், டாக்டரிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வெளியே வருவார். புட்டி மறுபடி அலமாரிக்குப் போய்விடும். ஆக, ஆண்டில் ஆறு நாள் நோயாளி. மீதி முந்நூற்று ஐம்பத்தொன்பது நாள் ஆரோக்கியசாலி. லீப் ஆண்டென்றால் ஒரு நாள் கூடுதல்.

எங்கள் மேல்வீட்டுக்காரர் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. இருபத்தொன்பது ஆண்டுகள் எடைக்கல் ஆய்வாளராக இருந்தவர். தராசுத் தட்டுக்கு அடியில் கடைக்காரர் ஒட்டிவைத்த மெழுகை விரல் நுனியால் தடவியே பிடித்துவிடுவார். அவருக்குக் கண்ணழுத்த நோய். அது வலிக்காது, சிவக்காது, பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வரும், போனது திரும்பாது. அழுத்தத்தைக் குறைக்கக் காலையும் மாலையும் ஒரு சொட்டு மருந்து. மருந்து எரியும். நோய் எரியாது. மூன்று நாள் நோயாளி எதைக் கைவிடுவார்?

டாக்டரம்மா எப்போது அளந்தாலும் பதினேழு. இருபத்தொன்றுக்குள் இருந்தால் அவருக்குத் திருப்திதான். ஆனால் பக்கப் பார்வையோ ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா லேசுப்பட்டவர் அல்ல. வீட்டில் அளந்து பார்க்கச் சொல்லி ஒரு சின்னக் கருவியைக் கையில் கொடுத்தார். நெற்றியிலும் கன்னத்திலும் ஊன்றிப் பொத்தானை அழுத்தினால், மெல்லிய கம்பியின் உருண்டை முனை கண்ணைத் தொட்டும் தொடாமலும் திரும்பும்.

“எவ்வளவுன்னு காட்டாதா, டாக்டர்?”

“காட்டாது. பச்சை விளக்கு எரிஞ்சா பதிஞ்சாச்சுன்னு அர்த்தம். நம்பர் எனக்கு மட்டும்தான். ஏழு நாள், ஒரு நாளைக்கு நாலு தடவை.”

முள் தெரியாத தராசு. அதுவும் ஏழு நாள். மூன்று நாளுக்கு மேல் எரிச்சல் தாங்கிப் பழக்கமில்லாதவர் என்ன செய்வார்?

“இந்தா, இப்படி வந்து உக்காரு,” என்றார் மனைவியிடம். “உனக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்லல்ல. ஒரு வாரம் அதைக் கொஞ்சம் குடு.”

“ஊர்ல இருக்கிற கள்ளத் தராசையெல்லாம் பிடிச்ச மனுஷன் நீங்க.”

“அது ஜனங்களை ஏமாத்துறது. இது என் கண்ணு.”

“என் கண்ணு,” என்று திருத்திவிட்டு அந்த அம்மாள் உட்காரப் போனார். இடப்பக்கம் இருந்த அலமாரியில் தோளை இடித்துக்கொண்டார்.

“பார்த்து நடக்கத் தெரியாதா?” என்றார் இவர்.

இரண்டு கண், நான்கு தடவை, ஏழு நாள்: ஐம்பத்தாறு அளவு. ஒன்றுகூடத் தவறவில்லை. மோசடியில் இவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை. கடைசி மூன்று நாள் வழக்கம்போலத் தம் கண்ணுக்கு மருந்தும் போட்டுக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார்.

“இந்த வாரம் மருந்து?”

“ஒரு வேளை விடல, டாக்டர்.”

டாக்டரம்மா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். முப்பது, முப்பத்திரண்டு, இருபத்தொன்பது, முப்பத்துநான்கு. பிறகு அவரை உட்காரவைத்துத் தானே அளந்தார். பதினேழு.

“மருந்து போட்டும் வீட்டுல இப்படி ஏறுதுன்னா இனி ஆபரேஷன்தான். வர்ற வியாழக்கிழமை வெச்சுக்கலாம்.”

“இங்க பதினேழுதானே, டாக்டர்?”

“அதான் எனக்கும் புரியல. வீட்டுல அப்படி என்னதான் நடக்குது?”

இவர் பக்கவாட்டில் பார்க்காமல் சொன்னார்: “வீட்டுல இவ இருக்காளே.”

அந்த அம்மாள் கைப்பையின் வாயை மூடினார். “அது என் கண்ணு, டாக்டர். ஐம்பத்தாறும் என் கண்ணு. இவரு முதல் நாலு நாள் புட்டியத் தொடவேயில்ல.”

டாக்டரம்மா சிரிப்பார் என்று இவர் எதிர்பார்த்தார். திட்டுவார் என்றும் எதிர்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை.

“நீங்க இப்படி உக்காருங்கம்மா.”

இடது கண்ணில் முப்பத்துமூன்று. பக்கப் பார்வையைச் சோதித்ததில் இடது ஓரத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருந்தது.

“நடக்கும்போது எதுலயாவது இடிச்சுக்குவீங்களா?”

“ஒரு வருஷமா. பார்த்து நட, பார்த்து நடன்னு இவரும் சொல்லிட்டுதான் இருக்காரு.”

இவர் எழுந்து மனைவியின் இடப்பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

“போனது வராதும்மா. இருக்கிறதக் காப்பாத்திடலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா அதுவும் கஷ்டம்.”

இப்போது மேல்வீட்டு அலமாரியில் இரண்டு புட்டி. காலை எட்டு மணிக்கு அந்த அம்மாள் தம் கண்ணில் விட்டுக்கொண்டு, அடுத்ததாக இவர் நெற்றியைப் பிடித்து அண்ணாந்து பார்க்க வைத்துச் சொட்டு விடுகிறார். இவர் முனகுவது கீழே எங்கள் வீட்டுக்குக் கேட்கிறது. திருந்திவிட்டாரா? படியேறிப்போய்க் கேட்டேன்.

“நான் அந்த வாரம் யோக்கியமா நடந்திருந்தேன்னா இவ கண்ணு என்னாயிருக்கும்? சொல்லுங்க பார்ப்போம்,” என்றார்.

நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சர்க்கரை பார்க்கப் போகிற வாரம் மட்டும் இனிப்பைக் கண்டால் முகம் திருப்புகிறவர், பல் டாக்டரிடம் போகும் காலையில் மட்டும் கடைவாய் வரைக்கும் தேய்க்கிறவர், அவரெல்லாம் நிச்சயம் வேறு யாரோதான். போகட்டும், உங்கள் அடுத்த பரிசோதனை எந்தத் தேதி? சொல்ல வேண்டாம். அதிலிருந்து மூன்றைக் கழித்துப் பார்த்தீர்களே, அது போதும்.