டைம்கீப்பர் நிறுத்தி வைத்த பஸ்

அந்த நாளில் உத்திரமேரூரில் சூரியனே டைம்கீப்பரைக் கேட்டுத்தான் உதித்தது என்று நான் எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். பஸ் ஸ்டாண்டு அவர் விசிலுக்குள் அடக்கம். கண்டக்டர் டீக்கடையில் இருந்தாலும் நேரமானால் பஸ் போய்விடும்; அவர் பின்னால் ஓட வேண்டியதுதான். டைம்கீப்பருக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததா என்பது அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

எதிரே இருந்த படிப்பகத்தில் ஞாயிறுதோறும், இரண்டு பஸ்களுக்கு நடுவே, சொல் போட்டி நடத்தியவரும் அவரே. ஓர் எழுத்து கொடுப்பார். எதிரெதிரே உட்கார்ந்த இருவர் அதில் தொடங்கும் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். பத்து எண்ணுவதற்குள் வராவிட்டால் விசில், தோல்வி. இரண்டு நிமிஷம் தாமதமாக வந்த சொந்த மாமனாரையே, "பஸ் பூடுச்சி மாமா, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பியவர். வேடிக்கை பார்ப்பவர்கள் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாதென்று, வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்காரச் சட்டம் போட்டார். நாற்பது பேர் கன்னம் உப்பி உட்கார்ந்திருப்போம். தும்மல் வந்தவன் கதி அதோகதி.

வருஷத்துக்கு ஒருமுறை வெளியூர்க்காரர்களோடு கோப்பைப் போட்டியும் உண்டு; மூன்று வருஷமாகக் கோப்பை காஞ்சிபுரத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நான்காம் வருஷம் எங்கள் பக்கம் உட்கார்ந்தவர் ஆரோக்கியம். கூலிக்கு ஏர் ஓட்டுகிறவர், எழுதப் படிக்கத் தெரியாது, என்னையும் சேர்த்து ஊரில் அத்தனை பேரையும் தோற்கடித்தவர். எதிரே காஞ்சிபுரத்து வக்கீல் குமாஸ்தா. "படிக்கத் தெரியாதவரோடு சொல் போட்டியா சார்?" என்று சிரித்தார்.

"இது சொல்ற போட்டிங்க. வாய் இருந்தா போதும், குந்துங்க" என்றார் டைம்கீப்பர்.

எழுத்து 'சே'. சேவல், சேலை, சேறு, சேனை என்று போய், குமாஸ்தா "சேவகன்" என்றார். எட்டு எண்ணியபோது ஆரோக்கியம் நிதானமாக, "சேடை" என்றார்.

குமாஸ்தா தன் கையகராதியைப் புரட்டினார். அதில் இல்லை. "உங்களுக்குத் தெரியுமா சார்?"

"எனக்குத் தெரியும். ஆனா நடத்தறவன் வாய் செல்லாது, உள்ளூர்க்காரன் வாயும் செல்லாது. வெளியூர் ஆளு ரெண்டு பேரு சொல்லணும். அதான் ரூலு."

வந்தவாசி பஸ் வந்து நின்றது. டைம்கீப்பர் ஏறினார். ஆரோக்கியமும் குமாஸ்தாவும் கூடவே போக, நாங்கள் வாய்த் தண்ணீரோடு பின்னால் ஓடினோம்.

"சேடைன்னா இன்னா? தெரிஞ்சவங்க சொல்லுங்க."

"கழனியில தண்ணி கட்டி சேறா ஓட்டுறது. இதுகூடவா தெரியாது உனுக்கு?" என்றாள் கூடையோடு இருந்த மருதாடு கிராமத்துப் பெண் ஒருத்தி.

ஒரு வாய் ஆயிற்று, இன்னொன்று வேண்டும். மற்றவர்கள் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம், உதட்டைப் பிதுக்கினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். நேரமாகிவிட்டது. டைம்கீப்பர் விசிலை வாயில் வைத்தார். ஆரோக்கியம் தலையைக் குனிந்துகொண்டார். டைம்கீப்பர் அவரை ஒரு பார்வை பார்த்தார். விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டி நிக்கட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை ஊரில் யாரும் கேட்டதில்லை.

கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை உலுக்கி எழுப்பினார்.

"சேடையா? அத ஓட்டிட்டுத்தான் வந்துகினு கீறேன்" என்ற அந்த மானாம்பதி கிராமத்துக்காரர், வேட்டியைத் தூக்கிச் சேறு காய்ந்த காலைக் காட்டினார்.

நாற்பது வாய்த் தண்ணீரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. நனைந்த ஜிப்பாவோடு நின்ற குமாஸ்தாவைப் பார்த்து, டைம்கீப்பர் பஸ் படியிலிருந்தே எண்ண ஆரம்பித்தார். பத்து வந்தது, சொல் வரவில்லை. அந்த ஒரே விசிலில் போட்டியும் முடிந்தது, பஸ்ஸும் கிளம்பியது.

எட்டு நிமிஷத் தாமதத்துக்குக் கம்பெனி காரணம் கேட்டது. "நான்தான்" என்று எழுதி அனுப்பினார், அவ்வளவுதான்.

உத்திரமேரூர் என்றால் எல்லோரும் கல்வெட்டைச் சொல்கிறார்கள். எனக்கு அந்த எட்டு நிமிஷம்தான் பெருமை. இன்றும் எங்கே விசில் கேட்டாலும், அவராக இருக்கக் கூடாதா என்று திரும்பிப் பார்க்கிறேன்.