“பூக்கும்” என்று சொல்கிறவர்

நர்சரியில் கிழங்கு வாங்கி நட்டால் இரண்டே மாதத்தில் பூத்துவிடுகிற ஒரு செடியை, விதை போட்டு முளைக்கவைத்து, ஐந்து வருஷம் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு வேண்டியது பூதானா, வேறு ஏதாவதா?

அருப்புக்கோட்டைப் பக்கம் பாளையம்பட்டியில் பூமிநாதனைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு தடவையாவது வந்த சந்தேகம் இது. அவர் ஒருவர்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். இது ஓர் இனம். லில்லி வகைகளை விதையிலிருந்து வளர்க்கிற இனம். ரோஜா வளர்க்கிறவர் பூவைக் காட்டுவார். மல்லிகை வளர்க்கிறவர் பூவைக் கொடுப்பார். இந்த இனத்தவரோ உங்களை உச்சி வெயிலில் மொட்டைமாடிக்கு ஏற்றி, வெங்காயத்தாள் போன்ற இரண்டு இலைகளைக் காட்டிவிட்டு, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். என்னதான் சொல்ல முடியும்? “நல்லாருக்கு” என்பீர்கள். “பூக்கும்” என்பார். எப்போது என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் பிடிக்கவேண்டிய பஸ் போய்விட்டது.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டுக்குள் போனால் டம்ளரில் கருப்பாக, தாள்போல் மெல்லிய விதைகள் மிதந்துகொண்டிருக்கும், குடித்துவிடக் கூடாது. சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெயின்ட் பிரஷ் இருக்கும். சிவப்புப் பூவின் மகரந்தத்தை வெள்ளைப் பூவில் தடவுவதற்கு. கரிசல் மண்ணில் கிழங்கு அழுகிவிடும் என்று ஆற்றுமணலுக்கு அலைவார்கள், போர்த் தண்ணீர் உப்பு என்று வீட்டார் குடிக்கிற தண்ணீரில் பாதியை மாடிக்குக் கடத்துவார்கள், கிழங்கை விலைக்கு வாங்கி நடுகிறவர்களைக் கண்டால் மட்டும் ஹோட்டலில் பார்சல் வாங்கி வந்து தங்கள் சமையல் என்று பரிமாறுகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கும். அதில் ஒருவர் இலையின் படம் போடுவார். முப்பது பேர் வாழ்த்துச் சொல்வார்கள்.

பூமிநாதனுக்குத் திருச்சுழியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. பஸ்ஸில் போகும்போது இலைப் படம், வரும்போது இலைப் படம். மாடியில் நாற்பது சட்டிகள். எந்தப் பூவும் எந்தப் பூவும் சேர்ந்த விதை எதில் இருக்கிறது என்று ஒவ்வொரு சட்டியிலும் மார்க்கர் பேனாவால் சீட்டு எழுதிச் செருகியிருந்தார். அருப்புக்கோட்டை வெயில் ஒரே சித்திரையில் அத்தனை எழுத்தையும் தின்றுவிட்டது. அதன்பிறகு நாற்பதில் எது எதனுடைய பிள்ளை என்று அவருக்கே தெரியாது. தெரியாது என்று சொல்வாரா? மாட்டார். “பூத்தாத் தெரியும்” என்பார்.

ஒருமுறை குழுவிலிருந்து ஒருவர் அபூர்வ மஞ்சள் மழை லில்லி என்று விதை அனுப்பினார். பூமிநாதன் நான்கு மாதம் அதற்கு நிழல்வலை கட்டினார். ஒருநாள் துணி உலர்த்த வந்த அவர் மனைவி செல்லக்கிளி ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தாள்.

“ஏங்க, இது வெங்காயம்.”

“ரெண்டும் ஒரே குடும்பந்தான்.”

“அப்பச் சாம்பாருல போடட்டா?”

அவர் நிழல்வலையை அவிழ்க்கத் தொடங்கினார். அன்றைய சாம்பார் மட்டும் நன்றாக இருந்ததாகக் கேள்வி.

செல்லக்கிளி பொறுமைசாலி. ஆனால் அவளுக்கும் மாடி வேண்டியிருந்தது. அவளுடைய அண்ணன் காட்டில் விளைகிற மிளகாய் வருஷாவருஷம் ரோட்டோரத்தில் காய்ந்து லாரிப் புழுதி தின்கிறது. தை மாதம் ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டாள்.

“பங்குனி முடியறதுக்குள்ள ஒரு பூவையாச்சும் கண்ணுல காட்டிருங்க. இல்லன்னா சட்டியப் பூராத்தையும் இறக்கிட்டு மொளகாயைக் கொட்டிருவேன்.”

“பூக்கும்.”

“இதைத்தான் அஞ்சு வருசமாச் சொல்றீக.”

மாசி போனது. பங்குனியும் பாதி போனது. பூமிநாதன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்து பார்த்தார், உட்காராமல் நின்றும் பார்த்தார். பக்கத்து வீட்டில் தறி போட்டிருக்கும் சௌடப்பன் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “என்னய்யா பூமி, வெங்காயம் என்ன சொல்லுது?” என்று தினமும் விசாரித்தார்.

பங்குனி கடைசி வாரத்தில் பதினேழாவது சட்டியில், இலைகளுக்குப் பக்கவாட்டில், விரல் தடிமனில் ஒரு தண்டு கிளம்பியது. மொட்டு. ஐந்து வருஷத்தில் முதல் மொட்டு. எந்த நிறத்துக்கும் எந்த நிறத்துக்கும் பிறந்ததென்று யாருக்கும் தெரியாத, உலகத்தில் இதற்குமுன் பூத்தே இராத ஒரு பூ. குழுவில் வாழ்த்து குவிந்தது. திண்டுக்கல்லில் இருந்து ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார், பூ விரிகிறபோது வீடியோவில் கூப்பிடவேண்டும் என்று சத்தியம் வாங்கினார். செல்லக்கிளிகூடத் தினமும் ஒரு தடவை மேலே வந்து எட்டிப் பார்த்தாள். நான்காம் நாள் மாலையில் மொட்டின் மேல்தோல் கீறியது. உள்ளே என்ன நிறம் என்று தெரியாத அளவுக்குத்தான் கீறியது.

மறுநாள் காலை, திருச்சுழி பஸ்ஸுக்கு அரைமணி நேரம் இருக்கும்போது, பூமிநாதன் மொட்டைச் சுற்றிச் செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி மூடினார். சட்டியைத் தூக்கிக்கொண்டு சௌடப்பன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“இது இங்க இருக்கட்டும்.”

“எம்புட்டு நாளைக்கு?”

“பூத்து உதுர்ற வரைக்கும். பேப்பரை நான் போனப்புறம் எடு.”

சௌடப்பன் தறியை நிறுத்திவிட்டு வந்தார். “ஏய்யா, இதுக்குத்தானய்யா அஞ்சு வருசமாத் தவங்கெடந்த?”

“என்ன கலருன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிராத.”

அவ்வளவுதான். பஸ் ஏறிப் போய்விட்டார். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் அன்றே விலகினார். பூ நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் சௌடப்பன் சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வயிற்றுவலிக்காரர்போல் தெருவில் நடமாடினார். அவர் தலையைக் கண்டதும் பூமிநாதன் அடுத்த தெருவழியாகச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். செல்லக்கிளி இரண்டாம் நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மிளகாய்ப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று பூமிநாதன் ஒரு வாரம் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்.

ஏன் இப்படிச் செய்தார் என்று செல்லக்கிளி கேட்டாள், சௌடப்பன் கேட்டார், அலுவலகத்தில்கூடக் கேட்டார்கள். அவர் இன்றுவரை சொல்லவில்லை. பைத்தியம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடலாம்; அதற்குமுன் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். இதைப் படித்துவரும்போது, ‘அப்படி என்ன நிறத்தில்தான் பூத்ததாம்?’ என்று உங்கள் மனம் அடித்துக்கொண்டதென்றால் நல்லது, நீங்கள் பிழைத்தீர்கள். ‘அந்தப் பூவில் விதைக்காய் பிடித்ததா?’ என்று தோன்றியிருந்தால், வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.