முள்ளம்பன்றி டிக் அடித்த கட்டம்

"ஒரு டிக். ஒரே ஒரு டிக். அதைக்கூட என்னைப் போட விடலையே நீ."

ஒரு காட்டில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆண் முள்ளம்பன்றி காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பெண் முள்ளம்பன்றி நான்தான். எங்கள் வீட்டில் முள் சிலிர்ப்பது எப்போதும் என் இலாகா. இன்று ஒரு முள்கூட எழவில்லை.

யானையாரின் மரக்கிடங்கில் என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பர். போன மாதம் மிஷின் வந்தது. இவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் அதோடு சரி. ஆனால் முப்பது நாளுக்குள் படிவம் கொடுத்தால், பிரீமியத்தை நாமே கட்டி அதே பாலிசியைத் தொடரலாமாம். அவருக்குச் சிறுநீரகத்தில் கல். ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாயிற்று. புதுப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள வியாதிக்கு மூன்று வருஷம் பொறுக்க வேண்டும். நாங்கள் பொறுப்போம், கல் பொறுக்குமா?

நான் வெள்ளைப் புறாக்கள் நடத்திய கான்வென்டில் படித்தவள். படிவத்தைப் பிடுங்கி நானே நிரப்பினேன். 'வேலை முடிந்த காரணம்' என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள்: நீக்கப்பட்டார், தானாக விலகினார். காப்பீட்டு ஆபீஸ் கவுண்டரில் இருக்கும் கொக்கு எதையும் உரக்கப் படித்துப் பார்த்துத்தான் வாங்கும். பின்னால் வரிசையில் எங்கள் தெருவே நின்றது.

"நீக்கினாங்கன்னே போடு" என்றார்.

பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, 'தானாக விலகினார்' என்பதில் அழுத்தி டிக் அடித்தேன். கொக்கு அதைப் படித்தபோது தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

நேற்று பதில் வந்தது. நீக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் தொடர்ச்சி. அந்த விதி படிவத்தின் பின்பக்கத்தில் இருந்ததாம். நான் முன்பக்கத்தில் என் கையெழுத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று முப்பதாவது நாள். கவுண்டர் ஒரு மணி வரைதான். ஓடினேன். முள்ளைப் பார்த்து வரிசை தானே வழிவிட்டது.

"சார், அவர் விலகலை, துரத்திட்டாங்க. வாட்ச்மேன் கரடி கேட் வரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டுது. எல்லாருமே கேட்டுக்கோங்க, துரத்திட்டாங்க. அந்த டிக்கை மட்டும் மாத்திக் கொடுங்க, சார்."

தெரு முழுக்கக் காதைத் தீட்டியது. கொக்கு 'மூடப்பட்டது' என்ற பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டது.

"சார்... அந்த ஒரு டிக்கு, சார்."

நீதி: மானத்தை விட்டு உண்மை பேசுவதென்றால், கவுண்டர் மூடுவதற்குள் பேசிவிட வேண்டும்.