நம்ஜு அண்ணையின் கலியாணம்

ஜெர்மனியில் எதற்குமே 'ஓம்' சொல்லாமல் முப்பது வருசம் சீவித்த ஒரே யாழ்ப்பாணத்தான் நம்ஜு அண்ணைதான்.

ஆஹென் நகருக்கு வந்த புதிதில் ஒரு ஹொங்கொங்காரரின் உணவகத்தில் கோப்பை கழுவச் சேர்ந்தார். ஜெர்மன்காரரின் டொச் மொழிக்கு முந்தியே கன்டனீஸ் வந்துவிட்டது. அதில் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட சொல் 'நம்ஜு'. 'செய்யிற எண்ணம் இருக்கு, மாறினாலும் மாறும்' என்பதை அந்த மொழிக்காரர் இரண்டே அசையில் முடித்துவிடுவார்கள்.

"அண்ணை, நாளைக்கு வேலைக்கு வாறியளோ?"

"நம்ஜு."

விடிந்தால் எல்லாருக்கும் முதல் அவர்தான் நிற்பார்.

ஒருமுறை பல்வலி. "செவ்வாய் பத்து மணிக்கு வருவீர்களா?" என்று டொக்டரிடம் வேலை செய்யும் பெண் கேட்டாள். "வாற எண்ணம்தான். அண்டைக்குப் பாப்பம்" என்று டொச்சில் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டாள். செவ்வாய் ஒன்பதரைக்கே பலாப்பழம் போல வீங்கிய கன்னத்தோடு வாசலில் நின்றார். பதிவுப் புத்தகத்தில் பெயரே இல்லை!

உணவகத்தில் பரிமாறுகிற லிங், ஹொங்கொங் பெண். ஐம்பது வயது அண்ணையிடம், "என்னைக் கட்டுவியா?" என்று நேராகவே கேட்டாள். "நம்ஜு" என்றார். தாய்மொழியல்லவா, அவளுக்கு விளங்கியது. தானே போய்ப் பதிவு அலுவலகத்தில் டெர்மின் எடுத்து நாளும் குறித்துவிட்டாள்.

சாட்சி, அதே உணவகத்தில் அவரோடு வேலை செய்யும் நான். பதிவாளர் அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டார். அண்ணை கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

"நம்ஜு."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி, ஓமா இல்லையா என்று டொச்சில் கேட்டார். "யாவா, நைனா?"

"கோதாரி, ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை!" என்றேன்.

அவர் என் காதருகே குனிந்தார். "ஊரிலையிருந்து வெளிக்கிடேக்க அம்மாட்டை, ஆறு மாசத்திலை கட்டாயம் வாறன் எண்டு சொன்னனான். அம்மான்ரை செத்த வீட்டுக்கும் போக ஏலாமல் போச்சு. அதுக்குப் பிறகு கட்டாயம் எண்டு ஆருக்கும் சொல்லுறேல்லையடா."

லிங் என்னைப் பார்த்தாள். அவர் சொன்னதை டொச்சில் சொன்னேன். அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"இண்டைக்கு மட்டும் சொல்லு. நாளைக்கானதை நாளைக்குத் திரும்பக் கேக்கிறன்."

"யா!" என்று அண்ணை போட்ட சத்தத்தில் பதிவாளரின் பேனை கீழே விழுந்தது.

அதை எடுத்து நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு எழுத்தும் நேராக வரவில்லை. மேசை ஆடுது என்று லிங்கிடம் சொன்னேன்.