மோர் அண்டாவில் ஆக்ஸோலாட்டல்

ஒரு பிராணியைப் பற்றி எல்லாவற்றையும் படித்துவிட்டேன் என்று சொல்கிறவனிடம் அந்தப் பிராணியைக் கொடுக்கவே கூடாது. வீட்டு மனிதர்களைப் பற்றி அவன் ஒன்றுமே படித்திருக்க மாட்டான்.

ஆக்ஸோலாட்டல் என்பது மெக்சிகோவின் குளிர்ந்த ஏரிகளில் பிறந்த நீர்ப்பிராணி. இளஞ்சிவப்பு உடம்பு, கழுத்தோரம் இறகு போன்ற செவுள்கள், குட்டிக் கைகால்கள், எப்போதும் சிரிக்கிற வாய். அதைத் திருவண்ணாமலை வெயிலில் வளர்ப்பது என்று முடிவெடுத்தேன்.

தொட்டி அமைத்ததில் இன்றும் என்னைக் குறை சொல்ல முடியாது. கூழாங்கல்லை விழுங்கிவிடும் என்பதால் நைஸ் மணல், மெதுவாக ஓடும் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு மண்பானை. நல்ல நுண்ணுயிர்கள் பெருகட்டும் என்று, தையில் நிரப்பிய தண்ணீரில் பங்குனி வரை எதையும் விடவில்லை. ("வெறும் தண்ணிக்குக் காவல் காக்கறாரு" என்று என் மனைவி கலைச்செல்வி போனில் ஊருக்கெல்லாம் சொன்னாள்.) சூட்டைக் குறைக்க, ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றித் தொட்டியில் மிதக்கவிடுவேன்.

அவசரத்துக்கு இதை ஃபிரிட்ஜிலேயே வைக்கலாமாம் என்று நான் வாசித்துக் காட்டியபோதே கலை சொல்லிவிட்டாள். "உங்க பல்லி ஃபிரிட்ஜ் பக்கம் வந்துச்சு, நான் ஆரணிக்குப் போயிடுவேன்."

சித்திரைப் பௌர்ணமி வந்தது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. ஆண்டுதோறும் அன்று வாசலில் அண்டா வைத்து, நடந்து வருகிறவர்களுக்கு மோர் கொடுப்போம். தலைமை தாங்க ஆரணியிலிருந்து கலையின் அக்கா வந்திருந்தார்; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மாலையில் நான் வெளியே போய்த் திரும்பியபோது ஃப்ரீசர் காலி.

"ஐஸ் பாட்டிலா? ஒடச்சி மோர்ல போட்டுட்டேன் தம்பி. ஜனங்களுக்கு இன்னா சந்தோஷம்ன்ற!"

தொட்டித் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. ஆக்ஸோலாட்டலின் செவுள்கள் முன்பக்கம் சுருண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் செத்துவிடும். பெண்கள் இருவரும் வாசலில் இருந்தார்கள். ஒரு எவர்சில்வர் தூக்கில் (கழுவித்தான்) தொட்டித் தண்ணீரோடு அதை விட்டு, மூடி, ஃபிரிட்ஜில் தயிர்த் தூக்குகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கச்சிதமான திட்டம். நிம்மதியாகக் காபி போடப் போனேன்.

அதற்குள் வாசலில் மோர் குறைந்துபோய், அண்ணி ஃபிரிட்ஜிலிருந்த தூக்குகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார். வரிசை நீண்டிருந்த அவசரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்த வேகத்திலேயே அண்டாவில் கவிழ்த்திருக்கிறார்.

"அய்யய்யோ! பல்லி வுழுந்துடுச்சுடி கலை!"

பல்லி விழுந்த மோர் விஷம் என்று நம்பாத ஆள் எங்கள் ஜில்லாவில் கிடையாது. டம்ளர்கள் பறந்தன. ஒருவர் தொண்டைக்குள் விரலை விட்டார். நான் ஓடிவந்து, சட்டையோடு தோள்வரை அண்டாவுக்குள் கையை விட்டுத் துழாவினேன்.

"பயப்படாதீங்க! இது பல்லி இல்லைங்க, ஆக்ஸோலாட்டல்!"

"அது பல்லிய விட ஜாஸ்தி விஷமா?"

"யோவ், நான் ரெண்டு டம்ளர் குடிச்சேனே, அது வுழறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஊரில் எது எப்போது நடந்தது என்று தேதி பிசகாமல் சொல்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அண்டாவுக்குள் இன்னும் ஆழமாகத் துழாவினேன்.

கொத்தமல்லித் தழை ஒட்டிய என் உள்ளங்கையில் அது சிரித்தபடி நெளிந்தது. கலை அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல நல்ல தண்ணில விட்டு அந்த ஃபிரிட்ஜிலயே வெச்சுத் தொலைங்க. உங்ககிட்ட அப்புறம் பேசிக்கறேன்."

அது பிழைத்துக்கொண்டது. என் மானம்தான் பிழைக்கவில்லை. இன்றும் ஆரணியில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் பந்தியில் நுழைவதைப் பார்த்ததும் அண்ணி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்:

"மோர தைரியமா குடிங்க. எங்க தம்பி இப்பதான் உள்ளயே வர்றாரு."