ஜெனரல் ஊதிய தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை மாலை வந்துவிட்டால் சாந்தா ருஃபினாவில் எந்த வீட்டிலும் பானையைப் பார்க்க முடியாது. இடுப்பில் பானை, தலையில் பானை, கழுதைக்கு இருபுறமும் பானை என்று ஊரே சதுக்கத்துக்கு ஓடும். பாதிரியார்கூடப் பின்வாசல் வழியாக ஒரு குடுவையைக் கொடுத்தனுப்புவார். ஏன் தெரியுமா? ஆறு மணிக்கு ஜனாதிபதி ஜெனரல் வில்லத்தோரோ வானொலியில் ஊதப்போகிறார்.

ஆமாம், வாயால்தான். தலைநகரத்து அரண்மனையில் மைக் முன்னால் நின்று மூன்று முறை 'உஃப்' என்று ஊதுவார். அந்த மூச்சு மலை தாண்டி, வாழைத்தோட்டம் தாண்டி வந்து, ராணுவ நிலையத்து மாடியில் கட்டியிருந்த ஒலிபெருக்கி வழியாகப் பானைக்குள் இறங்கும். அந்தத் தண்ணீரில் ஒரு மடக்கு குடித்தால் மலேரியா ஓடிப்போகும். பானைக்குக் கால் பேசோ என்று நிலையத்துக் கேப்டன் ஒப்துலியோ வசூலித்தார். கழுதைக்குக் கட்டணமில்லை. ஏழைகளின் அரசு அல்லவா!

இந்த மகான் ஒரு காலத்தில் கோவேறு கழுதைப் படையில் சார்ஜெண்ட். ஒருநாள் பழைய ஜனாதிபதியைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு முறையாகத் தேர்தலும் வைத்தார். நின்றவர் ஒருவர், வென்றவரும் அவரே. எங்கள் பக்கத்தில் கல்லறைத் தோட்டத்தில்தான் ஓட்டு அதிகம் விழுந்தது. அவரைச் சூரியன் என்று எழுதிய பத்திரிகையாளர் அமைச்சரானார். இல்லை என்று எழுதியவர் தீவுச் சிறையில் கல்லுடைத்தபடி நிஜச் சூரியனை நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சு இருக்கும்போது மருந்து எதற்கு? மலேரியாவுக்கான கொயினா மாத்திரை விற்பது தேசத்துரோகம் என்று ஒரு சட்டம் வந்தது. கடைகளில் இருந்ததையெல்லாம் பெட்டி பெட்டியாக அள்ளி ராணுவக் கிடங்கில் பூட்டினார்கள்.

ரயில் நிலையத்தில் சோளமாவை வாழையிலையில் மடித்து அவித்து, தமால் விற்பவள் எடெல்மிரா. அவள் கணவன் பான்க்ராசியோ கப்பலுக்கு வாழைக்குலை ஏற்றுகிறவன். குளிர்காய்ச்சல் கண்டு, கட்டிலும் அவனும் சேர்ந்தே ஆடிக்கொண்டிருந்தார்கள். அவளும் வாரம் தவறாமல் ஊதிய தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தாள். ஆட்டம் நிற்கவில்லை. கிடங்கிலிருந்து நாலு மாத்திரை கொடுங்கள், பிழைத்துக்கொள்வான் என்று கேப்டனிடம் கெஞ்சினாள். உனக்கு நம்பிக்கை போதவில்லை, இனி இரண்டு பானையாக வை என்று அவர் வைத்தியம் சொன்னார்.

அவளுக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. பானை வரிசையில் நிற்கும்போது அதை வாய்விட்டே கேட்டாள்.

"ரெண்டாவது ஊதலுக்கும் மூணாவது ஊதலுக்கும் நடுவுல ஒரு சேவல் கூவுதே, கவனிச்சீங்களா? எந்த ஊருச் சேவலுங்க வாராவாரம் அதே நேரத்துல, அதே இடத்துல கூவும்?"

அரண்மனைச் சேவல் என்றால் அதற்கும் ஒரு ஒழுங்கு இருக்காதா என்றார் செருப்புக்கடை நசாரியோ. அவர் அறிவை வரிசையே மெச்சியது. நானும் தலையாட்டினேன்.

ஊர்த் திருவிழாவுக்கு ஜெனரலே ரயிலில் வந்திறங்கினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை விருந்து முடிந்ததும் நேரிலேயே ஊதுவார், பானைக்கு ஒரு பேசோ என்று அறிவித்தார்கள். சதுக்கத்தில் கால் வைக்க இடமில்லை. பந்தலில் ஜெனரல் அமர்ந்திருக்க, பக்கத்தில் அவருடைய டாக்டர். தமால் பரிமாறும் வேலை எடெல்மிராவுக்கு.

ஆறு மணி நெருங்கியது. தட்டோடு அவள் கேப்டன் பக்கம் குனிந்தாள்.

"கேப்டன், இன்னிக்கு ரேடியோ போடலியா? ஆறு மணிக்குப் போடலைன்னா ஜெயில்னு சட்டமாச்சே. பக்கத்தூரு கேப்டனைத் தீவுக்கு அனுப்பிட்டாங்களாமே."

கேப்டனுக்கு வியர்த்தது. ஜெனரலைக் கேட்கலாமென்றால் அவர் வாய் நிறையத் தமால். சட்டத்தோடு எதற்கு வம்பு என்று மாடிக்கு ஓடி வானொலியைத் திருகினார்.

"என் அன்பு மக்களே, இந்த நொடியில் அரண்மனையில் உங்களுக்காக நிற்கிறேன்" என்றது ஜெனரலின் குரல். பந்தலில் இருந்த ஜெனரல் மெல்லுவதை நிறுத்தினார்.

"மாத்திரை கோழைகளின் ஊன்றுகோல். என் மூச்சே மருந்து" என்றது குரல். வழக்கம்போல டாக்டர் கொடுத்த வெள்ளைக் கொயினா மாத்திரை ஒன்று ஜெனரலின் உள்ளங்கையில் இருந்தது. கை பாதி வழியில் நின்றது.

உஃப். உஃப். சேவல் கூவியது. உஃப்.

ஊர் ஒலிபெருக்கியைப் பார்த்தது, ஜெனரலைப் பார்த்தது. இத்தனை நாளாக எங்களுக்கு ஊதியது இசைத்தட்டு! முதலில் சிரித்தது ஒரு சிப்பாய்.

எடெல்மிரா பந்தல் ஓரத்தில் வைத்திருந்த தன் பானையை எடுத்துவந்து ஜெனரல் முன்னால் வைத்தாள்.

"ஐயா, இது போன வாரம் நீங்க ஊதின தண்ணி. எம் புருசன் இதத்தான் குடிச்சிக்கிட்டுக் கெடக்கான். நீங்க இதைக் குடிங்க. அந்த மாத்திரைய எனக்குக் குடுங்க."

"இது மாத்திரை இல்லம்மா. மிட்டாய்" என்றார் ஜெனரல்.

"மிட்டாய்தானே? அப்ப மாத்திக்கிறதுல என்னங்க கஷ்டம்?"

ஜெனரல் வேறு வழியில்லாமல் பானைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஊதிய தண்ணீரைக் கொட்டினால் பாவம் என்று ஒவ்வொரு வீட்டிலும் மூடாமல் வைத்துக் கும்பிட்டோம். கொசு குடும்பம் நடத்தியது, காய்ச்சல் பெருகியது.

"இதுல புழு இருக்கே" என்று நாற்காலியோடு பின்வாங்கினார் ஜெனரல்.

"ஆமாங்க. உங்க புண்ணியத்துல நல்லா வளந்திருக்கு."

சதுக்கமே வெடித்துச் சிரித்தது. கோஷம் போட்டிருந்தால் சுட்டிருப்பார்கள். துப்பாக்கி பிடித்தவனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் யார் சுடுவது? ஜெனரல் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் வானத்தைப் பார்த்தார், அவர் மனைவிக்கும் வீட்டில் காய்ச்சல். ஜெனரல் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு ரயிலேறினார். ரயில் ஊரைத் தாண்டும் முன்பே கேப்டன் தன் கையாலேயே கிடங்கைத் திறந்துவிட்டார்.

அன்றே பானைகளை எல்லாம் சாக்கடையில் கவிழ்த்தோம். கொஞ்ச நாளில் பான்க்ராசியோ எழுந்து உட்கார்ந்து, அவரைக்காயில் உப்பில்லை என்று மனைவியிடம் சண்டை போட்டான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதை ஊர் ஊராகப் பரவி, மழைக்காலம் முடிவதற்குள் ஜெனரலை நாட்டைவிட்டே ஓட்டியது.

அந்தச் செய்தி வந்த அன்று நசாரியோ கவலையோடு எடெல்மிராவிடம் வந்தார்.

"புதுசா வர்ற கர்னல் கண்ணால பாத்தே நோயைத் தீர்த்துருவாராமே. அவரைக் கேட்டுப் பாக்கலாமா?"

"தோளுக்கு மேல ஒண்ணு வச்சிருக்கீங்களே, தொப்பி மாட்டவா? மொதல்ல அதைக் கேளுங்க."